குருவிக்கு ஓர் ஆணி

ஜூன் 9

எங்கள் பூனைக்கு இரண்டு கிட்னியும் சுருங்கிவிட்டதாம். விருதுநகர் டாக்டரம்மா ரோஷினி ஸ்கேனைக் காட்டிச் சொன்னார். குட்டியாக வந்தபோது குருவி வெடி அளவுதான் இருந்தது, அதனால் பெயர் குருவி. “குணமாகாது சார். ஆனா தோலுக்கடியில சலைன் ஏத்துனா நல்லா இருக்கும். வீட்டுல நீங்களே ஏத்தலாம்.”

நானா? ரத்தம் எடுக்கப் போனால் சுவரைப் பார்த்து உட்காருகிற ஆள். “யோசிச்சுச் சொல்றேன்” என்று நழுவிவிட்டேன்.

ஜூன் 10

மச்சினன் மாரிசாமியிடம் மட்டும் சொன்னேன். அதாவது, சிவகாசி முழுக்கச் சொன்னேன்.

ஜூன் 12

இந்த வெயிலுக்கு எங்கள் ஊரில் கிட்னி என்றாலே கல்தான். எனக்கு விழுந்த கல்லை டப்பாவில் வைத்து, வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் காட்டியிருக்கிறேன். மாரிசாமி வாழைத்தண்டோடு வந்தான். “அத்தான், எனக்கே கரைஞ்சுபோச்சு. பூனைக்கல்லு எம்புட்டு இருக்கும்? கடுகு சைசு!” கூடவே நெருஞ்சில் கஷாயம். ஊசிக்குப் பயந்தவனுக்கு வேறென்ன வேண்டும்? தண்டுச் சாற்றையும் கஷாயத்தையும் குருவி வாயில் ஊற்றினேன்.

ஜூன் 14

வாந்தி. நேற்றிலிருந்து சாப்பிடவில்லை. நெத்திலியை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டது.

என்னையே திட்டிக்கொண்டேன். ஏன்டா, ஒனக்கு அறிவிருக்கா? அந்தம்மா கல்லுன்னு ஒரு வார்த்தை சொன்னாங்களா?

ஜூன் 15

டாக்டரம்மா கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. “கல்லே இல்லாததுக்குக் கல்லு வைத்தியமா? வாழைத்தண்டுல இருக்குற பொட்டாசியத்த இந்தக் கிட்னி எப்படி சார் வெளியேத்தும்?”

பொட்டாசியம் என்றால் எங்கள் ஊரில் வெடிமருந்துக்குப் போடுவது. அதைப் பூனைக்குள் அடைத்திருக்கிறேன்.

ட்ரிப்ஸ் போட்டு அங்கேயே வைத்துக்கொண்டார்கள். “ஊசி போடக் கத்துக்குடுங்க” என்று நானே கேட்டேன்.

ஜூன் 18

வீட்டுக்கு வந்துவிட்டது. பாட்டில் தொங்க உயரம் வேண்டுமே. என் மனைவி சுப்புலட்சுமி பூஜை அலமாரிப் பக்கத்து ஆணியிலிருந்து காலண்டரைக் கழற்றினாள். எங்கள் காலண்டர் அச்சகத்தில் அடித்த முருகன் படம். “கோவிச்சுக்காதப்பா” என்று பீரோ மேல் சாய்த்து வைத்தாள்.

முதல் குத்து என் விரலில். இரண்டாவது, தோலின் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வந்து, பூனையைப் பிடித்திருந்த மாரிசாமி வேட்டியை நனைத்தது. (வருத்தமில்லை.) மூன்றாவது குருவிக்கு.

ஜூலை 2

மாரிசாமி ஓயவில்லை. தொடு சிகிச்சைக்காரர் ஒருவரைக் கூட்டி வந்தான். அவர் ஒற்றை விரலால் தொட்டார். குருவி நாலு நகத்தால் தொட்டது. “சக்தி நல்லா ஓடுதுங்க” என்று கையில் பஞ்சோடு கிளம்பினார்.

டாக்டரம்மாவிடம் போனில் கேட்டேன். “தொட்டா தொடட்டும். வாயில எதையும் ஊத்தாதீக, ஊசிய நிறுத்தாதீக.”

ஜூலை 11

பாட்டிலை வெந்நீரில் வைத்து வெதுவெதுப்பாக ஏற்றினால் திமிறுவதில்லை. மடியிலேயே கண் சொருகுகிறது. பயம் இன்னும் எனக்குத்தான். இருக்கட்டும். விடுவதாக இல்லை.

ஜூலை 25

ரத்தத்தில் கிரியாட்டினின் உப்பு குறைந்திருக்கிறது. குணமில்லை, குறைவு. போதும்.

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. புது வருஷக் காலண்டர்களுக்குப் பூஜை போட்டு, வியாபாரிகளுக்கான மாதிரி ஆல்பம் வெளியிட்டோம். முதல் காலண்டர் எப்போதும் எங்கள் வீட்டு ஆணிக்குத்தான். சுப்புலட்சுமி அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். ஆணியில் பாட்டில்.

“எங்கன மாட்ட?”

“பாட்டிலக் கழட்டிட்டு மாட்டுக்கா” என்றான் மாரிசாமி.

“அடுத்த வருஷமும் அந்த ஆணி குருவிக்குத்தான். வேற ஆணி அடி” என்றேன்.

சுத்தியலை எடுத்து வந்து ஓங்கினான்.

“மெதுவா அடிலே. தூங்குது.”