ஏராவின் கீழ் மூன்று கட்டைகள்

இன்று பட்டறையில் படகின் இடுக்குகளை அடைக்கக் குங்கிலியம் காய்ச்சுகிறார்கள். புகை மூக்கில் ஏறியதும் எழுந்து வெளியே வந்துவிட்டேன். உனக்கு இதை எழுதுகிறேன்.

அன்றும் இதே வாடைதான். முதலாளியின் புதுப் பாய்ப்படகைக் கடற்கரைக்குக் கொண்டுபோக இழுவை வண்டியில் ஏற்றியிருந்தேன். அடிமரமான ஏராவின் கீழ் மூன்று கட்டைகள். பாரம் முழுவதும் அவற்றின்மேல்தான். பக்கத்து முட்டுகள் படகு சாயாமல் பிடிக்க மட்டும். மதராஸில் மூன்று வருஷம் படித்த பாடம் அது.

"ஏலே, ஏரா மூக்குல மஞ்ச தேய்க்காம என் படகு வாசலைத் தாண்டாது. ஒம் பொண்டாட்டியக் கூப்பிடு, கட்டுக்கழுத்தி கைபடணும்" என்றார் முதலாளி.

"முன்கட்டை மறைக்கி, அண்ணாச்சி. கொஞ்சம் மேல தேய்க்கலாம்லா?"

"படிச்சவன் பேச்சப் பாரு! ஒரு நிமிசம் கட்டைய உருவுனா ஒம் படிப்பு கரைஞ்சிருமோ?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "உருவுங்கலே" என்றேன்.

நீ மஞ்சளைக் குழைத்துக்கொண்டு வந்தாய். என் காதருகில், "கல்யாணத்தன்னைக்குக்கூட ஒங்க முன்னால நான் இவ்வளவு குனியல" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே குனிந்தாய்.

பாரம் முட்டுகளுக்கு மாறியது. வலது முட்டு நடுவில் பிளந்தது. படகின் மூக்கு உன் மார்பில் இறங்கியது. அப்போது கேட்ட முறிவு மரத்தினுடையது இல்லை. கடப்பாரையால் நெம்பி உன்னை இழுத்தபோது உன் வாய் நிறைய ரத்தம். ஒரு வார்த்தைக்குக்கூட அதில் இடமில்லை.

கோடாலியால் அந்தப் படகின் விலாவைப் பிளந்தேன். தடுக்க வந்த முதலாளியின் பக்கமும் அதை ஓங்கினேன். நான்கு பேர் என்னை மணலில் குப்புற அமுக்கினார்கள். வாயில் போன மணலைத் துப்பக்கூடத் தோன்றவில்லை.

புதுப் படகு காவு வாங்கிவிட்டது என்றது ஊர். ஏரலிலிருந்து வந்த உன் அப்பாவும் என் கையைப் பிடித்துக்கொண்டு அதையே சொன்னார். "ஒம்ம மேல தப்பில்ல, மாப்பிள. அது கேட்டுட்டு, எடுத்துட்டு." அவர் ஊட்டிய சோற்றைப் பதினைந்து நாள் வாய் திறந்து வாங்கினேன். பதினாறாம் நாள் காலையில் முடியவில்லை.

"மாமா, படகு ஒண்ணும் கேக்கல. கட்டைய உருவச் சொன்னது நான். முட்டு தாங்காதுன்னு எனக்குத் தெரியும். நாலு பேரு சிரிச்சானுவன்னு சொல்லிட்டேன்."

கையிலிருந்த பித்தளைச் செம்பால் என் காதோடு சேர்த்து அடித்தார். விழுந்தேன். விழுந்த இடத்திலேயே இன்னொரு அடி. பிறகு செம்பைப் போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்து போனார்.

இடது காது இன்னும் கேட்பதில்லை. டாக்டரிடம் காட்டச் சொல்கிறார்கள். காட்டமாட்டேன். இந்த ஊரே எனக்கு ஆறுதல் சொன்னது. எனக்கு உரியதைக் கொடுத்தவர் உன் அப்பா ஒருவர்தான்.