ஈயம் கடித்த பல்

மே 20, செவ்வாய்
செயற்கைப் பல் செய்யும் எங்கள் லேபில் மறுபடி ஒரு மூட்டை சேர்ந்துவிட்டது. சிர்கோனியா வட்டிலிருந்து பல்லெல்லாம் குடைந்து எடுத்தபின் மிஞ்சுகிற தட்டு. முழுக்க ஓட்டை. காயலான் கடைக்காரர்கூட வேண்டாம் என்கிறார். "எட்த்துனு போயி இடியாப்பம் புழி," என்றாள் மார்கரெட், பக்கத்து மெஷின்காரி. என்னைச் சிரிக்க வைக்கப் பார்க்கிறாள். என் மனைவி திவ்யா செத்த பிறகு எல்லோரும் அப்படித்தான் பார்க்கிறார்கள்.

மே 22
மீன்பிடித் தடைக்காலம். கடலுக்குப் போக முடியாததால் மாமனார் வீட்டு வாசல் முழுக்க வலை. வலை தண்ணீரில் மூழ்க மாமாவும் அத்தையும் அடிக்கயிற்றில் ஈயம் ஏற்றுகிறார்கள். ஈயத் துண்டைக் கயிற்றின் மேல் மடித்து, பல்லால் ஒரு கடி. நடுவில் என் மகள் நிவி. ஐந்து வயது. அவள் வாயிலும் ஈயம்.
"அம்மா மாதிரியே கடிக்கிறேம்பா!"
"எம்பொண்ணு பல்லு அப்டியே வந்துக்குது மாப்ளே," என்று மாமா சிரித்தார்.
விரல் விட்டு எடுத்தேன். சின்னப் பல் பதிந்திருந்தது.
கொஞ்ச நாளாகவே வயிறு வலிக்குது என்கிறாளே—

மே 23
டார்ச் அடித்துப் பார்த்தேன். கீழ் ஈறு ஓரம் கருநீலமாக ஒரு கோடு. நிழலா? மறுபடி பார்த்தேன். நிழல் இல்ல.

மே 24, சனி
பல் டெக்னீஷியனுக்குப் படிக்கும்போது ஒரே பக்கத்தில் வந்தது. ஈயம் உடம்பில் சேர்ந்தால் ஈறில் கோடு விழும். பிரஷரும் ஏறும். பரீட்சையில் எழுதி மார்க் வாங்கினேன்.
திவ்யாவுக்கு எட்டாம் மாதத்தில் பிரஷர் ஏறித்தான் வலிப்பு வந்தது. அவளும் போனாள், வயிற்றுப் பிள்ளையும் போனது.
கடித்துக் கடித்து அவள் முன்பல்லில் பள்ளமே விழுந்திருந்தது. கேப் போட்டுத் தருகிறேன் என்றேன். "பள்ளம் இருந்தாத்தான் ஈயம் வழுக்காதுய்யா," என்றாள்.
அவளுக்கும் கோடு இருந்ததா? போட்டோ எல்லாவற்றிலும் வாயை மூடிக்கொண்டு சிரிக்கிறாள். கேப்புக்காக அவள் பல்லை நான் எடுத்த பிளாஸ்டர் அச்சு அலமாரியில் இருக்கிறது. எடுத்துப் பார்த்தேன். பள்ளம் இருக்கு. ஈறு இருக்கு. எல்லாம் வெள்ளை. அச்சுல நிறம் எப்டி வரும்?

மே 27
நிவிக்கு ரத்தம் எடுத்தார்கள். அவள் ஈறில் இருந்த கோட்டை மாமாவிடம் காட்டி, ஈயத்தை வீட்டை விட்டு எடுக்கச் சொன்னேன்.
"எங்கம்மா கடிச்சா, எங்க ஆயா கடிச்சா. இன்னா ஆச்சு?" என்றார் மாமா.
"திவ்யா கடிச்சா மாமா."
அதன் பிறகு யாரும் சாப்பிடவில்லை.

மே 31
நிவி ரத்தத்தில் ஈயம் அதிகம். ஈயம் வாய்க்குப் போகாமல் இருந்தால் இறங்கும் என்கிறார் டாக்டர். இறங்கலன்னா? கேட்காமலே வந்துட்டேன்.

ஜூன் 2
வலைக்கு வேறு கனம் கொடுக்காமல் ஈயத்தை எடு என்றால் யார் எடுப்பார்கள்? அந்த ஓட்டைத் தட்டுகள் ஞாபகம் வந்தன. சிர்கோனியா சுடும்வரை சாக்பீஸ் மாதிரி மெத்துதான். ஓட்டையைச் சுற்றி அறுத்தால் வளையம். மார்கரெட் பல் சுடும்போது ஃபர்னஸில் ஓரமாக வைத்துக் கொடுத்தாள். சுருங்கி, கல்லாகி வந்தது. ஈயத்தில் பாதி கனம் தேறும். இரண்டு கட்டினால் போதும்.
தூள் உறிஞ்சும் குழாயின் வாயிலேயே வைத்து அறுத்தேன். சட்டையை லேபிலேயே மாற்றினேன். அந்தத் தூளும் நெஞ்சுக்கு ஆகாது. ஒண்ண எடுத்துட்டு இன்னொண்ணக் குடுத்துடுவேனோ?

ஜூன் 8, ஞாயிறு
"இன்னா மாப்ளே இது, செத்தவன் கடவாப்பல்லு கணக்கா!" மாமா வளையத்தை வாங்கி வாளித் தண்ணீரில் போட்டார். நேராக அடியில் போய் உட்கார்ந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூன் 11
அத்தை ஏரியில் போடும் வலையிலிருந்த ஈயத்தை அறுத்துப்போட்டு வளையம் கட்டுகிறாள். நிவி ஒன்றை எடுத்து வாயில் வைத்தாள். பிடுங்கக் கை நீட்டினேன்.
"கல்லுப்பா. கடிக்க வரல."
துப்பிவிட்டு, தானும் கட்ட அத்தையிடம் நூல் கேட்டாள்.

ஜூலை 13, ஞாயிறு
இரண்டாவது ரத்தப் பரிசோதனை. இறங்கியிருக்கிறது. முழுக்க இல்லை. இறங்கியிருக்கிறது.
மாமாவிடம் சொன்னேன். உள்ளே போனார். டார்ச்சை எடுத்துவந்து என் கையில் கொடுத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்து வாயைத் திறந்தார்.
கீழ் ஈறு முழுக்க, மை வைத்து இழுத்த மாதிரி கோடு.
"கோடு கீதா மாப்ளே?"
"இருக்கு மாமா."
"அப்போ எம்பொண்ணுக்கும்—"
டார்ச்சை அணைத்தேன். அவர் வாயை மூடவில்லை.