மக்வாலாவுக்காக ஊற்றிய மது

அன்புள்ள ஜாபாவுக்கு,

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நம் வீட்டு மேஜையைச் சுற்றி இருந்தவர்களிடம் நான் சொல்லாமல் விட்டதை முதலில் எழுதிவிடுகிறேன், தள்ளிப்போட்டால் கை வராது. உன் பெரியம்மா, என் கூடப்பிறந்த அக்கா மக்வாலா உயிரோடு இருக்கிறாள் என்று நான் சொல்லவில்லை. இந்த நேரம் அவள் பேரிமரத்துக்கு எதிரே முள்கம்பிக்கு அந்தப் பக்கம் எனக்காகக் காத்திருக்கிறாள், நான் போக வேண்டும் என்றும் சொல்லவில்லை. மற்றபடி எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, பசு நன்றாகக் கறக்கிறது, அந்தக் கிடங்கு வேலையில் உன் முதுகு கெட்டுப்போகாமல் இருக்க வேண்டும் என்று ஞாயிறுதோறும் மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன். இந்த வாரம் மூன்று தடவை உன்னைப் போனில் கூப்பிட்டேன். அவள் பெயரை எடுத்ததுமே, அந்தப் பக்கத்து ஆளுங்க பேச்சுன்னா நான் வச்சிடறேன்மா என்று மூன்று தடவையும் வைத்துவிட்டாய். அதனால்தான் காகிதம். சனிக்கிழமை போலந்துக்குக் கிளம்பும் மினிபஸ்காரரிடம் ஒரு சின்னப் பொட்டலத்தோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். கோபம் வந்தால் மடித்து வை, கிழித்துவிடாதே, பிறகாவது படி.

மக்வாலாவுக்கு இதயம் கெட்டுப்போய் இரண்டு வருஷமாகிறது. உனக்கு நான் சொல்லவில்லை. கம்பிக்கு அருகே போய்ப் பேசுகிறவர்கள் நாட்டை விற்கிறவர்கள் என்று நீ முகநூலில் எழுதியிருந்தாயே, நம் ஊர்க்காரர்கள் நாற்பது பேர் அதற்கு இதயம் போட்டிருந்தார்கள், அதில் ஒன்று நான் போட்டது. போட்டுவிட்டு அந்த வாரமே இரண்டு நாள் கம்பிக்குப் போய் அவளோடு பேசினேன். போன திங்கட்கிழமை அவள் மகள் ஜரேமா யாருடைய போனிலிருந்தோ ஒரு வரி அனுப்பினாள். அம்மாவைப் புதன்கிழமை காலை மலைக்கு அப்பால் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறோம், செவ்வாய் நாலு மணிக்குப் பேரிமரத்துக்கிட்ட வாங்க சித்தி, உங்களைப் பார்த்துட்டுத்தான் வண்டி ஏறுவேங்கிறாங்க. அவ்வளவுதான். தலைநகர் திபிலிசி நம் பக்கம், இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம், அங்கே நல்ல வைத்தியர்கள் இருக்கிறார்கள். ஆனால் கம்பி நடுவில் இருக்கிறது. அதனால் நெஞ்சு கெட்டவளை மலை ஏற்றிச் சுரங்கப்பாதை வழியாக, போருக்குப் பிறகு இந்தக் கம்பியைப் போட்ட அந்த நாட்டுக்கே கொண்டுபோகிறார்கள்.

செவ்வாய் மூன்று மணிக்கு நான் காலணி மாட்டிக்கொண்டிருந்தேன். அப்போது தலைநகரிலிருந்து ஒரு பெண் வந்தாள், உன் வயதுதான் இருக்கும், கையில் கணினிப் பலகை. மக்களின் கருத்தைக் கேட்கும் ஆய்வாம், வீட்டில் ஒருவரைத் தனியாக வைத்து இருபது நிமிஷம் கேள்வி கேட்க வேண்டுமாம். இரண்டாயிரத்து எட்டில் போர் வந்தபோது கணவனை இழந்தவள் என்று யாரோ என் வீட்டைக் காட்டி அனுப்பியிருக்கிறார்கள். நம் ஊரில் வாசலுக்கு வந்த ஆளை எப்படி நிற்க வைத்தே பேசி அனுப்புவது? இருபது நிமிஷம்தானே என்று உட்காரச் சொன்னேன். அதற்குள் பக்கத்து வீட்டுக் குலிகோ வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, பாவம் இந்தப் பொண்ணு முகம் வாடிப்போயிருக்கே, பட்டணத்துல சோறே போடறதில்லையா என்று கேட்டபடி ரொட்டியும் மொச்சையுமாக வந்துவிட்டாள். பின்னாலேயே ஸாக்ரோ மாமா மதுக்குடத்தோடு. அந்தப் பெண் பதறிப்போய், இல்லைங்க, இவங்களைத் தனியா கேக்கணும்னு விதி இருக்கு என்றாள். அதற்கு ஸாக்ரோ, ஒருத்தியைத் தனியா உட்கார வச்சு நாட்டைப் பத்திக் கேக்கறதுக்கு நாடு என்ன அவ கொல்லைப்புறத்து முட்டைக்கோசா, எல்லாருக்கும் சேர்த்துக் கேளும்மா என்று, விருந்தில் கோப்பை உயர்த்தி வாழ்த்துச் சொல்லும் மேஜைத் தலைவராகவே உட்கார்ந்துவிட்டார். மேஜை போட்டாகிவிட்டது. அதன்பிறகு வீட்டுக்காரி எழுந்து போனால் அது எப்படிப்பட்ட அவமரியாதை என்று உனக்கே தெரியும்.

கேள்விகளுக்கு ஒன்றிலிருந்து ஐந்துவரை எண் சொல்ல வேண்டும், ஒன்று என்றால் கூடவே கூடாது, ஐந்து என்றால் முழுச் சம்மதம். நிலத்தை விட்டுக்கொடுத்துச் சமாதானம் செய்யலாமா என்றால் எல்லோரும் ஒரே குரலில் ஒன்று என்றார்கள். கம்பிக்கு அந்தப் பக்கத்து ஆட்களோடு பக்கத்து வீட்டில் வாழச் சம்மதமா என்றதற்குக் குலிகோ பூஜ்யம் என்றாள், பூஜ்யம் இல்லைங்க என்று அந்தப் பெண் சொன்னதும், அப்ப உன் கணக்கே தப்பு, போய்த் திருத்திட்டு வா என்று சிரித்தாள். ஒவ்வொரு கேள்விக்கும் ஸாக்ரோ ஒரு கோப்பையை உயர்த்தினார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். நாலாக எட்டு நிமிஷம். அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது, அந்தப் பக்கத்தில் உங்களுக்கு நெருங்கிய சொந்தம் யாராவது இருக்காங்களா? நான் வாய் திறப்பதற்குள் குலிகோ, இருந்தாங்க, அதெல்லாம் முடிஞ்சுபோச்சு என்றாள். ஸாக்ரோ எழுந்து நின்றார். இறந்தவர்களுக்கான கோப்பை. மண்ணு கொண்டுபோனவங்களுக்கும் கம்பி கொண்டுபோனவங்களுக்கும் என்று சொல்லி, ரொட்டித் துண்டின் மேல் மதுவை ஊற்றி உன் அப்பா பெயரைச் சொன்னார். அடுத்த துண்டில் ஊற்றி மக்வாலா என்றார். குலிகோ ஒரு ரொட்டித் துண்டை என் முன்னால் நகர்த்தினாள். நான் ஊற்றினேன், ஜாபா. ரொட்டி நனைந்து சிவந்துபோகும்வரை ஊற்றினேன். அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு, அப்ப இல்லைன்னு போடட்டுமா என்று மெதுவாகக் கேட்டாள். போடு என்றேன்.

ஏன் சொல்லவில்லை என்று இரண்டு நாளாக என்னையே கேட்டுக்கொள்கிறேன். சொல்லியிருந்தால் எல்லோரும் கூடவே கிளம்பி வந்திருப்பார்கள், கூட்டத்தைப் பார்த்துக் காவலர்கள் வந்திருப்பார்கள் என்று ஒரு காரணம் சொல்லிக்கொள்கிறேன். அது சாக்கு. போர் விதவை என்று இந்த ஊர் எனக்குக் கொடுத்திருக்கும் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கப் பயந்தேன், அதுதான் நிஜம். இதில் ஒன்று உனக்குத் தெரிய வேண்டும். அந்த மேஜையில் இருந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. தனியாகத் தோட்டத்தில் பார்த்தால் இதே ஸாக்ரோ, மக்வாலா எப்படி இருக்கா, அந்தச் சோஸ்லான் கழுதை இன்னும் சுருட்டை விடலையா என்று அந்தப் பக்கத்துக்காரரான உன் பெரியப்பாவைப் பற்றிக் குசலம் விசாரிப்பார். குலிகோ போன குளிர்காலத்தில் அவளுக்கென்று என்னிடம் மாத்திரை வாங்கித் தந்தாள், யார்கிட்டயும் மூச்சு விடாதே என்று சொல்லி. தோட்டத்தில் கேட்பதும் நிஜம்தான், மேஜையில் சொல்வதும் நிஜம்தான். எண்ணாகப் போவது மேஜையில் சொன்னது மட்டும். நாளைக்குத் தொலைக்காட்சியில் நூற்றுக்கு இத்தனை பேர் என்று காட்டும்போது அதில் நானும் இருப்பேன், நீ அதைப் பார்த்து நம் ஜனங்கள் உறுதியாக இருக்கிறார்கள் என்று மறுபடி எழுதுவாய்.

விருந்து கலைய ஆறு மணியாகிவிட்டது. ஓடினேன். பேரிமரத்துக்கு எதிரே யாரும் இல்லை, புல் மட்டும் மிதிபட்டிருந்தது. கம்பியில் ஒரு பிளாஸ்டிக் பை முடிச்சுப் போட்டுத் தொங்கியது. உள்ளே ஒரு ஜோடி கம்பளிக் காலுறை. உன் பெயரைத் துணியில் எழுதித் தைத்திருக்கிறாள். கம்பி போட்டபோது உனக்கு ஒன்பது வயது, அதற்குப் பிறகு அவள் உன்னைப் பார்க்கவில்லை, அதனால் உன் அப்பாவின் கால் அளவுக்குப் பின்னியிருக்கிறாள். சரியாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

இன்று வியாழக்கிழமை. எந்த ஆஸ்பத்திரி, சேர்த்தார்களா, ஒன்றும் தெரியவில்லை. இந்த நாட்டு எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் அவர்களுக்கு விசாரணை, நான் கூப்பிட முடியாது. உன்னுடையது போலந்து எண், நீ கூப்பிடலாம். ஜரேமாவின் எண்ணைக் காலுறைக்குள் வைத்திருக்கிறேன். நீ உன் கொள்கையை விட வேண்டாம், யாரையும் மன்னிக்க வேண்டாம், ஒரே ஒரு வாக்கியம் சொல், அம்மா வீட்டில்தான் இருந்தாள், வர நினைத்தாள், வரவில்லை என்று. மக்வாலாவின் காதில் அது விழ வேண்டும். நான் மறந்துவிட்டேன் என்று நினைத்தபடி அவள் போய்விடக் கூடாது. உன்னிடம் நான் இதுவரை எதையும் கெஞ்சியதில்லை, இதைக் கெஞ்சுகிறேன், ஜாபா.

குளிரில் தலையை மூடிக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு. உன் அப்பாவைக் காக்காத கடவுள் உன்னையாவது காக்கட்டும். காலுறையை மறக்காமல் போட்டுக்கொள்.

உன் அம்மா,
தெயோனா

வெள்ளிக்கிழமை காலை சேர்த்து எழுதுவது: சோஸ்லான் கம்பியருகே வந்து, தோட்டத்தில் கிளை வெட்டிக்கொண்டிருந்த ஸாக்ரோவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். மக்வாலா புதன்கிழமை காலையிலேயே, சுரங்கப்பாதை வருவதற்கு முன், வண்டியிலேயே இறந்துவிட்டாள். செவ்வாய்க்கிழமை நாலு மணியிலிருந்து ஐந்தரை வரை நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாளாம். நாளை மதியம் அடக்கம். கல்லறை கம்பிக்கு அந்தப் பக்கம், நம் பேரிமரத்திலிருந்து நானூறு மீட்டர்.