தவிட்டு டின்னில் இருந்த கார்டு

மாப்ளே,

உன் கிரெடிட் கார்டு என் மேசை மேல் இரண்டு துண்டாகக் கிடக்கிறது. இன்று காலை தஞ்சாவூரில், வங்கியில் வெட்டிக் கொடுத்தார்கள். மூக்கருகே கொண்டு போனால் இன்னும் தவிட்டு வாசனை.

பயிர்க்கடன், நகைக்கடன், தள்ளுபடி என்று எத்தனையோ செய்தி எழுதியவன் நான். ஆனால் ஸ்கோர் என்ற சொல்லை, பள்ளியில் ஒரே பெஞ்சில் இருந்த உன்னோடு அந்த வங்கியில் உட்கார்ந்த அன்றுதான் கவனித்துக் கேட்டேன்.

ஒரத்தநாட்டுப் பக்கம் நீ குத்தகைக்கு உழுத நிலத்தை விற்கப்போவதாகச் சிங்கப்பூரிலிருந்து நிலத்துக்காரர் சொல்லிவிட்டார். தை வரை உனக்காகக் காத்திருப்பார். அதற்குள் பணம் புரளாவிட்டால் மனை போடுகிறவர்களுக்குப் போய்விடும். வீட்டு நகையை விற்றால் பாதி தேறும். மீதிக்குக் கடன் கேட்டோம். உன் ஸ்கோர், அதாவது கடன் கட்டும் பழக்கத்துக்குப் போடும் மதிப்பெண், குறைவு என்றார்கள்.

யாரையும் ஏமாற்றியவன் இல்லை நீ. டீசலும் உரமும் கார்டில் வாங்குவாய். மாதாமாதம் குறைந்தபட்சத் தொகையைக் கட்டுவாய். அறுத்த நெல்லை விற்றதும் மொத்தமாக அடைப்பாய்.

"உரக்கடைக்காரருக்குத் தையில குடுத்தா நல்ல மனுசன். இவங்களுக்குத் தையில குடுத்தா கெட்டவனா?" என்று கேட்டாய்.

அந்த இளம் பெண் அதிகாரி பொறுமையாகச் சொன்னார்: "கெட்டவர்னு சொல்லலைங்க ஐயா. லிமிட்டைத் தொடுற அளவுக்கு எப்பவும் பாக்கி நிக்குது. கையில காசில்லாம தவிக்கிறவர்னு கம்ப்யூட்டர் நினைச்சுக்குது."

"நினைச்சது சரிதாம்மா," என்றாய். பின்னால் நின்றவர்களும் சிரித்துவிட்டார்கள்.

"கார்டை மூடிடாதீங்க. பாக்கியைக் குறைச்சுக்கிட்டே வாங்க. பில் போடுறதுக்கு முன்னாடியே கட்டுங்க. சில மாசத்துல ஏறும்."

வீட்டுக்கு வந்ததும் கார்டை வெட்ட அரிவாளை எடுத்தாய். உன் மனைவி செல்வி, எனக்குத் தங்கச்சி மாதிரி, பிடுங்கிக்கொண்டாள்.

"மூடாதீங்கன்னு அந்தம்மா சொன்னது காதுல விழலையா? இனிமே இது என்கிட்ட இருக்கட்டும். என் பால் காசுல கட்டுறேன்."

"மாட்டைக் கறந்து எனக்கு மார்க் வாங்கித் தரப்போறியாக்கும்."

"ஸ்கூல்ல நீங்க வாங்காத மார்க்குதானே. மார்க் போகட்டும், இத்தனை வருசம் இதுக்குக் கட்டுன வட்டியில ஒரு கறவை மாடு வாங்கியிருக்கலாம்."

நீ கைவைக்காத ஒரே இடம் என்று தவிட்டு டின்னுக்குள் போட்டு மூடினாள்.

பால் சொசைட்டியில் பணம் போட்டபோதெல்லாம் கார்டில் பாக்கி குறைந்தது. தேய்ந்த டயரோடு வண்டி ஓட்டினாய். தீபாவளிக்கு வேட்டி எடுக்கவில்லை. அவ்வப்போது போன் வரும். ஹலோகூடச் சொல்லமாட்டாய். "ஏறியிருக்குடா!" அவ்வளவுதான்.

மார்கழியில் கடன் கிடைத்தது. பத்திரம் முடிந்த அன்று வயலிலிருந்து கூப்பிட்டாய்.

"மாப்ளே, வரப்பு என்னுதுடா."

"அதே வரப்புதானே?"

"அதேதான். இன்னிக்கு வழுக்கல."

அந்த நிலத்தில் சொந்தமாக ஒரே ஒரு சம்பா எடுத்தாய். அறுவடை முடிந்த பங்குனியில் நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரியில் முன்பணம் கட்டச் சொன்னபோது, செல்வி டின்னுக்குள் கைவிட்டு அந்தக் கார்டைத்தான் எடுத்தாள். நீ திரும்பி வரவில்லை.

இன்று அதை மூடப் போனோம். அதே அதிகாரி. திரையைப் பார்த்துவிட்டு, "பாக்கி எதுவும் இல்லைம்மா," என்றார்.

"தெரியும்மா. ஆஸ்பத்திரிக்கு எடுத்ததைப் போன மாசமே கட்டிட்டேன்."

அதிகாரி கத்தரிக்கோலை எடுத்தார். "அன்னிக்கே அவரு வெட்டப் பாத்தாரு," என்று செல்வி சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது.

நிலத்துக் கடன் இன்னும் இருக்கிறது. பால் காசில் அவள் கட்டிக்கொண்டு வருகிறாள். வயலில் மறுபடி சம்பா நிற்கிறது. துண்டுகளை என்னிடம் நீட்டி, "நீங்க வச்சுக்கங்கண்ணே," என்றாள்.

நானும் இப்போதெல்லாம் என் கார்டுக்கு பில் வருமுன்னே கட்டிவிடுகிறேன். கட்டி முடித்ததும் கை தானாக உன் எண்ணைத் தேடுகிறது, ஏறியிருக்குடா என்று சொல்ல.