உங்கய்யா மொகத்துக்கு ரோஸ் எதுக்கு?

குற்றாலம்,
4-7-1938

கொழும்புல இருக்கிற மகன் குத்தாலிங்கத்துக்கு அம்மா மனசார ஆசீர்வாதம். இங்கன குத்தாலநாதர் புண்ணியத்துல நானும் உன் தங்கச்சி முத்துவடிவும் நல்லா இருக்கோம், அங்கன நீ காய்ச்சல் தலைவலின்னு இல்லாம இருக்கியான்னு உடனே எழுது. சாரல் தொடங்கி எட்டு நாளாச்சு, கூரை ரெண்டு இடத்துல ஒழுகுது, அதை நான் பாத்துக்கிடுதேன். நான் சொல்லச் சொல்ல முத்துவடிவுதான் எழுதுதா. அண்ணன் மனசு நோகும்மான்னு பேனாவை நிறுத்துதா, சொன்னதை எழுதுட்டின்னு சத்தம் போட்டு எழுத வைக்கேன்.

நீ கேட்ட உங்கய்யா படம் இந்தத் தபால்ல வருது, ஆனா நீ கேட்ட மாதிரி வரலை. பொண்ணு குடுக்கிறவுக வீடு பாக்க வாராவ, அதுக்குள்ள ஐயா படத்தைப் பெருசாக்கி, செவப்பாக் கலர் போட்டு, மேலுக்கு ஒரு கோட்டும் வரைஞ்சு அனுப்புன்னு எழுதியிருந்தே. போன ஐப்பசியில அவுக கண்ணை மூடுன பிறகு நமக்குன்னு மிஞ்சுனது அருவிக்கு வந்த மதுரை வக்கீல் புடிச்சுக் குடுத்த அந்த ஒத்தப் படந்தான். தென்காசியில கலர் போடுற சங்கரபாண்டிகிட்ட அதையும் உன் கடுதாசியையும் குடுத்துட்டு வந்தேன். மறுவாரம் முத்துவடிவையும் கூட்டிக்கிட்டுப் போய்ப் பாத்தா வயித்தெரிச்சலாப் போச்சு. ரோஸ் கன்னமும் நீலக் கோட்டுமா எவனோ ஒருத்தன் உக்காந்திருக்கான். இவனுக்கா நான் இருபத்தஞ்சு வருசம் கஞ்சி ஊத்துனேன், வேற படம் போடுன்னேன். அவன் சீமையிலேருந்து வந்த வர்ணப் பெட்டியைத் திறந்து, மொகத்துக்குன்னு இதுல ஒரே சீசாதான் ஆச்சி, எல்லாருக்கும் இதைத்தான் பூசுதேங்கான். வெள்ளைக்காரன் மொகத்துக்குச் செஞ்சதை எங்க வீட்டுக்காரவுகளுக்கு ஏன் பூசுதே, மரத்துக்குன்னு வச்சிருக்கியே அந்தக் காவியைக் குழைன்னேன். குழைச்சான், செங்கல் மாதிரி வந்துது. மஞ்சள் சேத்தான், சீக்காளி மாதிரி ஆயிட்டாவ. எந்த நிறம்னு தெரிஞ்சாத்தானே போடுவேன்னு அலுத்துக்கிட்டான்.

அப்பத்தான் இந்த முத்துவடிவு, கறுப்பு தெரியுமேன்னு எப்பவும் முந்தானையை இழுத்துக் கையை மூடிக்கிட்டே திரிவாளே இவ, முழங்கை வரைக்கும் நீட்டி மேசையில வச்சா. "எங்கய்யா நிறம் இதுதான், பாத்துப் போடுங்க"ன்னா. எனக்குக் கண்ணு நிறைஞ்சு போச்சுலே. காவியில துளி நீலம் விட்டதும் அந்த நிறம் வந்துது. மத்ததை நான் சொன்னேன். தலைத்துண்டு மறைக்கிற நெத்தி கொஞ்சம் வெளுப்பா இருக்கும், எண்ணெய் பட்டுத் தோள் மினுங்கும், அந்த மினுக்கத்தை விட்டுராதேன்னேன். சாயங்காலம் அவன் முடிக்கிற வரைக்கும் நான் எந்திரிக்கலை.

கோட்டும் போடலை. வெறும் மேலும் தோள்ல துண்டுமா இருக்காவ. அருவிக்கு வந்தவுக போனவுக ஒடம்புக்கெல்லாம் எண்ணெய் தேச்சுத்தான் உன்னை இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புனாவ, அதுல ஒளிக்கிறதுக்கு என்ன இருக்கு? உன் நிறமும் ஒண்ணும் வேற இல்லை, கண்ணாடியில பாத்துக்கோ. பொண்ணு வீட்டுக்காரவ வரும்போது படத்தை முன்னறையில மாட்டு. யாருன்னு கேட்டா எங்கய்யான்னு சொல்லு. சொல்ல வாய் வரலைன்னா படத்தை மறுதபால்ல திருப்பி அனுப்பிரு, இங்கன அவுகளுக்குச் செவரு இருக்கு. ஆனா கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிடாதே. அந்தக் கோட்டுக்காரனுக்குப் பொஞ்சாதி எவளோ, அவளைத் தேடிப் புடிச்சு அம்மான்னு கூப்பிட்டுக்கோ.

நீ நூறு வயசுக்கு நல்லா இருக்கணும். படத்துல ஈரம் படாமப் பாத்துக்கோ, சனிக்கிழமை எண்ணெய் தேச்சுக் குளிக்கிறதை விட்டுராதே.

இப்படிக்கு,
படத்துல இருக்கிறவுக பொஞ்சாதி,
உன்னைப் பெத்த
மாரித்தாய்