பாப்பாவை என் கையில் கொடுக்காதே

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் பாப்பாவும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே உன் அம்மா சௌக்கியம். நான் வலது பக்கம் சௌக்கியம், இடது பக்கத்தைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம். தினமும் போனில் பேசுகிறோமே, இந்த மனுஷனுக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் உன் குரலைக் கேட்டதும் எனக்கு எங்கிருந்தோ ஒரு வீராப்பு வந்துவிடுகிறது, எல்லாம் சரியாகிவிட்டது என்று அளந்து விடுகிறேன், போனை வைத்த பிறகு உன் அம்மா என்னை ஒரு பார்வை பார்ப்பாள். போன வாரம் நீ, ஏழு வாரத்துல வந்துடுவோம்பா, பாப்பாவ நீங்கதான் முதல்ல தூக்கணும், அதுக்காகத்தான் டிக்கெட்டே போட்டோம் என்றாய். நானும், கொண்டு வா, வாசல்லயே கையில வாங்கிக்கறேன் என்று சொல்லிவிட்டேன். அந்த வார்த்தையை இப்போது திரும்ப வாங்கிக்கொள்கிறேன். ஏன் என்று சொல்கிறேன், கடைசி வரை படி, பாதியில் போனை எடுக்காதே.

எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள். வலது கைக்கு ஒன்றும் ஆகவில்லை, கண்ணும் நன்றாகத்தான் தெரிகிறது. மூளையில் ரத்தம் அடைத்துக்கொண்ட இடம் அப்படி, இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே எனக்கு மறந்துபோகிறது. முதலில் எழுதிய கடிதத்தை உன் அம்மா வாங்கிப் பார்த்துவிட்டு உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டாள். பாதித் தாளை வெறுமனே விட்டுவிட்டு நடுவிலிருந்து தொடங்கி எழுதியிருக்கிறேன், எனக்கோ முழுத் தாளையும் நிரப்பிவிட்டதாக நினைப்பு. இப்போது இடது ஓரத்தில் சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு போட்டுக் கொடுத்திருக்கிறாள், அந்தக் கோட்டைத் தேடிப் பிடித்துவிட்டுத்தான் ஒவ்வொரு வரியும் எழுதுகிறேன். சாப்பாட்டிலும் இதே கதைதான். தட்டில் இடது பாதி அப்படியே இருக்கும், பசிக்குது, ஏன் இப்படிக் கிள்ளி வைக்கறே என்று அவளோடு சண்டைக்குப் போவேன், அவள் தட்டை அரை வட்டம் திருப்பி வைப்பாள். முதல் வாரம் இரண்டு பேரும் சிரித்தோம், இப்போது அவள் திருப்பி வைக்கும்போது நான் அவள் முகத்தைப் பார்ப்பதில்லை.

பயிற்சி நிலையத்துக்கு வாரத்தில் ஐந்து நாள் போகிறோம். இரண்டாவது மாடி, நீளமான கூடம், தரையெல்லாம் ரப்பர் பாய், ஜன்னலுக்குக் கீழே கார் நிறுத்துமிடம். அங்கே பிசியோதெரபி பார்க்கும் பெண்ணுக்கு உன் வயதுதான் இருக்கும், ஆனால் அதட்டலைக் கேட்டால் நமக்கே பெஞ்சு மேல் ஏறி நிற்கத் தோன்றும், அதனால் நான் அவளுக்கு ஹெட்மிஸ்ட்ரஸ் என்று பேர் வைத்திருக்கிறேன், அவளுக்கும் தெரியும். நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு ரோபோ கை இருக்கிறது. என் இடது கையை அதில் வைத்துப் பட்டை போட்டுக் கட்டிவிடுவார்கள். கண்ணில் பெரிய வி.ஆர். கண்ணாடி. அதை மாட்டினால் கூடம் மறைந்து ஒரு சமையலறை வரும், அலமாரி வரும், எனக்கு இரண்டு கையும் இருக்கும். இடது கையை நீட்டி டம்ளரை எடு என்பாள், எடுப்பேன். நான் தூக்கியது போக மீதியை ரோபோ தூக்கும். முடிந்ததும் நூற்றுக்கு என் பங்கு எவ்வளவு என்று திரையில் எண் வரும். முதல் வாரம் நாற்பது, அடுத்த வாரம் முப்பத்தொன்று, அதற்கடுத்த வாரம் இருபத்திரண்டு.

இருபத்திரண்டைப் பார்த்ததும் ஹெட்மிஸ்ட்ரஸ் முகமே மாறிவிட்டது. ஏற வேண்டியது இறங்குகிறது என்றால் உள்ளே மறுபடியும் ஏதாவது அடைத்திருக்கலாம் என்று டாக்டர் உடனே ஸ்கேனுக்கு அனுப்பிவிட்டார். உன்னிடம் சொல்லவில்லை, சொல்ல வேண்டாம் என்று நான்தான் உன் அம்மாவின் வாயை அடைத்தேன். அந்த ஸ்கேன் அறை வாசலில் உட்கார்ந்திருந்தேன். இன்னும் ஒரு தடவை பக்கவாதம் வந்தால் பேச்சு போகுமா, உன் அம்மா யாரென்று தெரியாமல் போகுமா, பாப்பா வரும்போது கட்டிலில் கிடக்கும் ஒரு கட்டையைத்தான் தாத்தா என்று காட்டுவார்களா என்று என்னென்னவோ ஓடியது. உன் அம்மா என் இடது கையைப் பிடித்துக்கொண்டிருந்தாளாம். எனக்குத் தெரியவே இல்லை, ஏன் இப்படி ஒதுங்கி உட்கார்ந்திருக்கே என்று கேட்டிருக்கிறேன். அதற்கு மட்டும் அவள் அழுதுவிட்டாள்.

ஸ்கேனில் புதிதாக ஒன்றும் இல்லை. மறுநாள் ஹெட்மிஸ்ட்ரஸ் திரையைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரோபோ என் கையை ஒழுங்காகக் கொண்டுபோகும் வரை நான் ஹாயாகச் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறேன், அது கொஞ்சம் கோணலாகப் போனால் மட்டும் வலது காலால் தரையை அமுக்குகிறேன். சார் என்ன வேலை பார்த்தார் என்று உன் அம்மாவைக் கேட்டாள். டிரைவிங் ஸ்கூல், முப்பத்தொரு வருஷம் என்றாள் இவள். அவ்வளவுதான், அந்தப் பெண் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். ஓட்டுகிறவனை ஓட்டவிட்டு, பக்கத்து சீட்டில் என் பிரேக்கில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தே வயதான ஆள் நான். பக்கத்தில் ஒருத்தன் ஓட்டுகிறான் என்றால் கை தானாக மடிக்குப் போய்விடும். மூன்று வாரமாக ரோபோவுக்கு லைசென்ஸ் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். சார், அது உங்ககிட்ட ஓட்டக் கத்துக்க வரல, நீங்கதான் கத்துக்க வந்திருக்கீங்க, பிரேக்க அதுகிட்ட குடுத்துட்டு ஸ்டியரிங்க பிடிங்க என்று அதட்டினாள். அன்றைக்கே முப்பத்தைந்து, பத்து நாளில் ஐம்பத்தெட்டு. தலைகால் புரியவில்லை எனக்கு. நடுவில் கண்ணாடிக்குள் தெருவைக் கடக்கச் சொன்னபோது மூன்று தடவை இடது பக்கமிருந்து வந்த பஸ் என்னை அடித்துப் போட்டது, ஊரில் இருக்கிறவனையெல்லாம் இடது பக்கம் பாருடா என்று தொண்டை கிழியக் கத்தியவனை. அதைக்கூட, பஸ்தானே, நிஜ பஸ்ஸா என்று ஒதுக்கிவிட்டேன். உன்னிடம் போனில் வாசலிலேயே வாங்கிக்கொள்கிறேன் என்று சொன்னது அந்தத் திமிரில்தான்.

சொல்லிவிட்டோமே என்று மறுநாள் ஹெட்மிஸ்ட்ரஸிடம், ஒரு குழந்தை எடையில் ஏதாவது கொடு, தூக்கிப் பழகுகிறேன் என்றேன். ஆறு கிலோல்லாம் இப்ப வேணாம், மூணுல ஆரம்பிப்போம் என்று மணல் பையைத் துண்டுகளில் சுற்றி, மேலே ஒரு போர்வையும் சுற்றி, பார்த்தால் குழந்தை மாதிரியே ஒரு மூட்டை கட்டினாள். கண்ணாடி கிடையாது, ரோபோ கிடையாது. மூட்டை இடது கையில், வலது கையில் ஊன்றுகோல். நாற்காலியிலிருந்து ஜன்னல் வரைக்கும் பத்தடி. விழுந்துவிடக் கூடாது என்று அவள் என் இடுப்புப் பட்டையைப் பின்னாலிருந்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தாள். நடந்தேன். நடுவில் எங்கேயோ தொம்மென்று ஒரு சத்தம். யாரோ எதையோ கீழே போட்டுவிட்டார்கள், குழந்தை முழித்துக்கொள்ளப் போகிறது என்று எனக்குக் கோபம் வந்தது. ஜன்னல் வரை போய்த் திரும்பி உன் அம்மாவைப் பார்த்து, பாத்தியா, அசையாம தூங்கறா பாரு என்றேன்.

கூடத்தில் எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மூன்றாவது அடி வைத்த இடத்தில் உன் அம்மா குனிந்து மூட்டையை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு அப்படியே நின்றாள், மணல் பை என்று அவளுக்கும் தெரியும், ஆனாலும் கீழே வைக்கவில்லை. நான் அப்போதும் ஒத்துக்கொள்ளவில்லை. என் கையிலிருந்து நீதான் பிடுங்கினாய் என்று எல்லோர் முன்னாலும் அவள்மேல் பாய்ந்தேன். கடைசியில் கூடத்துக் கேமராவில் பதிவானதைப் போட்டுக் காட்டினார்கள். கை தளர்ந்து தளர்ந்து இறங்குகிறது, மூட்டை சரிந்து விழுகிறது, அந்த ஆள் வெறும் கையோடு சிரித்த முகமாக நடந்து போய்க்கொண்டே இருக்கிறான். கண்ணு, கை விளங்காமல் போனபோதுகூட நான் இவ்வளவு பயப்படவில்லை. அந்தச் சிரிப்பைப் பார்த்ததிலிருந்து எனக்கு என்னைக் கண்டாலே பயமாக இருக்கிறது. கையில பலம் வந்துடும் சார், கை இருக்குங்கற நெனப்பு வர்றதுக்குத்தான் நாளாகும் என்றாள் அந்தப் பெண். ஏழு வாரத்துக்குள் வந்துவிடுமா என்று கேட்டேன். நாளைக்கும் வாங்க சார் என்று மட்டும் சொன்னாள். தினமும் போகிறேன், விட மாட்டேன், ஆனால் உன்னிடம் பொய் சொல்ல முடியாது.

இதை எழுதாதீங்க, பிள்ளை அங்க தனியா உக்காந்து அழும் என்று உன் அம்மா சொல்லிப் பார்த்தாள். அழுதால் அழு, பரவாயில்லை. பயணத்தைத் தள்ளிப் போடாதே, வா. பாப்பாவை நான் பார்க்க வேண்டும், என் வலது பக்கம் உட்கார்ந்து நீ மடியில் வைத்துக்கொள், நான் வலது கையால் தொட்டுக்கொள்கிறேன், அது போதும். தடுப்பூசி போட்ட அன்றைக்குக் காய்ச்சல் இருந்தது என்றாயே, குறைந்ததா என்று எழுது. குளிப்பாட்டும்போது போன் அடித்தால் அடிக்கட்டும், எடுக்காதே. நீயும் நேரத்துக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையையும் ஒருவேளை சமைக்கச் சொல், கை தேய்ந்துவிடாது. மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் நன்றாக இருங்கள், பாப்பா தலையில் கை வைத்து ஆசீர்வதித்ததாக நினைத்துக்கொள்.

இன்னும் ஒன்று. வரும்போது இந்தக் கடிதத்தை மறக்காமல் எடுத்து வா. உன்னைப் பார்த்த சந்தோஷத்தில் நான் பாப்பாவைக் கேட்பேன், கை சரியாயிடுச்சு, குடு என்பேன், தர மாட்டேன் என்றால் கோபித்துக்கொள்வேன், இந்தக் கடிதமே நான் எழுதவில்லை என்றாலும் சொல்வேன். மனமறிந்து பொய் சொல்ல மாட்டேன், அப்போது எனக்கு அப்படித்தான் தெரியும், அதனால் நீ என்னை நம்பாதே. இதை எடுத்து நீட்டு, என் கையெழுத்து எனக்குத் தெரியும், படித்துவிட்டு வாயை மூடிக்கொள்வேன். வலது பக்கமாக நீட்டு. இடது பக்கம் நீட்டினால் நான் பார்க்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன் வரவை எண்ணிக்கொண்டிருக்கும் பயந்தாங்கொள்ளி அப்பா