பூதத்தின் புதையலும் ஊர்ப் பங்கும்

பெங்களூர்
9-9-1984

அன்புள்ள தங்கை பவளத்துக்கு,

நலம். உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? இதை யாரையும் எழுதித் தரச் சொல்லிக் கேட்காமல் நானே எழுதுகிறேன். காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன்!

நான் காவல் இருக்கும் ஹாஸ்டலில் பிள்ளைகள் ஞாயிறுதோறும் பகடை உருட்டிக் கதை ஆடுவார்கள். கதையில் ஆளுக்கொரு வீரன்; பகடையில் விழுவதை வைத்துக் கதை நகரும். நடத்துகிறவன் நம் செங்கல்பட்டு ஜெகந்நாதன். என்னையும் சேர்த்து, கிடைக்கும் பொருளை நோட்டில் எழுதிக் காக்கும் வேலை கொடுத்தான். வாள், கேடயம், கயிறு எல்லாம் என் கையெழுத்தில்தான்; அப்படித்தான் எழுத்துப் பழகினேன்.

போன வாரம் ஆட்டத்தில் பூதத்தைக் கொன்று புதையல் எடுத்தோம். களத்தில் நெல் அளந்ததும் ஊர்ப் பங்கு கொடுப்பார்களே, சின்ன வயதில் நீயும் நானும் முறத்தோடு நிற்போமே, அந்த நினைப்பில் கதையிலிருந்த கிராமத்தாருக்கு எல்லாவற்றையும் கொடுத்துவிட்டேன். அடுத்த குகையில் வெறுங்கையோடு போய் அத்தனை பேரும் செத்தோம்.

"இன்னா தாத்தா, மந்திர வாளைக்கூடவா குடுத்துட்ட? அத்த வச்சிக்கினு அவுங்க கதிரா அறுக்கப் போறாங்க?" என்றான் ஜெகந்நாதன்.

"பூதம் அவங்க ஊரத்தானப்பா அழிச்சுது" என்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

இன்று கதவைச் சாத்திக்கொண்டு ஆடுகிறார்கள். பகடைச் சத்தம் கேட் வரை வருகிறது. இந்த ஊரில் என்னை உட்காரச் சொன்ன இடம் அது ஒன்றுதான், பவளம்.

உன் மருமகளைப் பெரிய எழுத்தில் பதில் எழுதச் சொல். சேதி ஒன்றுமில்லை என்றால் வீட்டிலுள்ள சாமான்களின் பெயரையாவது எழுதட்டும். படித்துக்கொண்டிருப்பேன்.

வார்டன் வண்டி வருகிறது, கேட் திறக்க வேண்டும்.

சின்னராசு